மூன்று முறை தட்டப்பட்ட கதவு
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை தரும் பாடம்



நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் மலைக்கு வருஷா வருஷம் எத்தனையோ பேர் குளிர் காயவும் ஏரியைச் சுற்றிப் பார்க்கவும் போகிறார்கள். நம் சபைப் பிள்ளைகளும் வேனில் போய் வருகிறார்கள். ஆனால் 1960-ம் வருஷம் மே மாதம் 24-ந்தேதி அந்த மலையில்தான் ஒரு பெரிய தேவ ஊழியக்காரி தன் ஓட்டத்தை முடித்து ஆண்டவரிடம் போனார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்போது அவர்களுக்கு வயது 89. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்தான் அவர்கள். நம்மில் பலர் தீராத வியாதிக்கு ரயிலேறி வேலூருக்குப் போய் வந்திருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரி ஏன் உண்டானது தெரியுமா? பிரசவ வேதனையில் செத்துப்போன மூன்று பெண்களால் உண்டானது. அந்தச் சரித்திரத்தைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மிஷனரி வேண்டாம் என்ற மகள்

ஐடா அம்மையார் 1870 டிசம்பர் 9-ந்தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார்கள். அவர்களுடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து 1819-ல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நாலு தலைமுறையில் நாற்பது பேருக்கு மேல் இந்த ஊழியத்துக்கு வந்தார்கள். ஐடாவின் தகப்பனாரும் டாக்டர்தான். ஆற்காடு மிஷனில் ஊழியம் செய்தவர்.

1876 முதல் 1878 வரை நம் தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. அப்போது ஐடா சின்னப் பிள்ளை. பட்டினியால் சுருண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்ததும், கொடுத்தும் பிழைக்காமல் போன பிள்ளைகளைப் பார்த்ததும் அந்தப் பிஞ்சு மனசில் ஆறாத வடுவாகி விட்டது. அதனால் அவர்களுக்கு இந்தியாவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. வளர்ந்தபின் அமெரிக்காவில், எழுப்புதல் பிரசங்கியார் டி.எல். மூடி ஆரம்பித்த நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார்கள். குடும்பமே மிஷனரிக் குடும்பம், பள்ளிக்கூடமோ எழுப்புதல்காரருடையது. ஆனாலும் தான் மிஷனரி ஆவதில்லை, நல்ல இடத்தில் கலியாணம் பண்ணி வசதியாய் வாழ்வது என்று தீர்மானமாய் இருந்தார்கள். பார்த்தீர்களா பிரியமானவர்களே, பெற்றோரின் அழைப்பு பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைக்கக் கூடியதல்ல. தேவன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

1890-ல் தாயார் சுகவீனமாய் இருக்கிறார்கள் என்று தகவல் வர, உதவிக்காக ஐடா இந்தியாவுக்கு வந்தார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதுதான் எண்ணம். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள்.

அந்த இரவு

ஒரு இராத்திரி ஐடா தன் அறையில் விளக்கடியில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ வந்து கூப்பிட்டார்கள். வந்தவர் ஒரு பிராமண வாலிபர். அவருடைய மனைவி சின்னப் பெண், தலைப்பிரசவம், மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னார்கள். அந்த மனுஷனோ, அந்நிய ஆண்பிள்ளை தன் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் இரண்டாவது ஆள் வந்தார். அவர் முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. தகப்பனாரோடு நானும் கூட வருகிறேன் என்று ஐடா சொல்லியும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மூன்றாவதாக இன்னொரு உயர்ஜாதி இந்து வந்தார். அவருக்கும் அதே கதை. மூன்று வீடு, மூன்று விதமான வழக்கம், ஆனால் பிரச்சினை ஒன்றேதான்: பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்க்க ஒரு பெண் இல்லை.

அந்த இரவு ஐடா தூங்கவில்லை. காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்து போனார்கள் என்ற செய்தி வந்தது. ஐடா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தார்கள். பிறகு வெளியே வந்து, தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து இந்தியப் பெண்களுக்கு ஊழியம் செய்யப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்கள்.

சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது மூன்று தரம் அவனுக்கு விளங்கவில்லை, ஏலி விளங்க வைத்தபின் நாலாவது தரம்தான் பதில் சொன்னான் (1 சாமு. 3). ஐடா அம்மையாருக்கும் மூன்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் சபையிலிருந்து வரவில்லை, கன்வென்ஷன் மேடையிலிருந்தும் வரவில்லை. ஆண்டவரை அறியாத மூன்று மனுஷர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்ட சத்தம் அது. தேவ சத்தம் எந்த வாயிலிருந்து வரும் என்று நாம் நிர்ணயிக்க முடியாது.

பிள்ளைப்பேறு எல்லா ஜனத்துக்கும் மறுபிறப்பு

பிரசவம் பெண்ணுக்கு மறுஜென்மம் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். வேதத்தில் ராகேல் எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் பிள்ளை பெற்று மரித்தாள், மருத்துவச்சி பக்கத்தில் இருந்தும் தப்பவில்லை (ஆதி. 35). பினெகாசின் மனைவியும் அப்படியே (1 சாமு. 4). இது நம் நாட்டு வேதனை மட்டுமல்ல. ஐரோப்பாவில் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஜன்னி கண்டு கூட்டங்கூட்டமாய்ச் செத்தார்கள். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல், பிரசவம் பார்க்குமுன் டாக்டர்கள் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் படித்த டாக்டர்களே வெகுநாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பெருமை படிக்காதவனுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல!

ஒவ்வொரு ஜனத்துக்கும் தாயையும் சிசுவையும் காக்கத் தங்கள் தங்கள் முறை உண்டு. இஸ்ரவேலர் குழந்தையின் தொப்புள் அறுத்து, தண்ணீரில் கழுவி, உப்பால் துடைத்து, துணிகளில் சுற்றினார்கள் என்று எசேக்கியேல் 16-ல் வாசிக்கிறோம். ஆண் பிள்ளை பெற்ற தாய்க்கு நியாயப்பிரமாணத்தில் 40 நாள் (லேவி. 12). நம் ஆண்டவரையும் அந்த நாட்கள் நிறைவேறினபின்தான் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். முஸ்லிம் வீடுகளில் பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பை ஓதுவார்கள். அவர்களும் 40 நாள் பார்ப்பார்கள். மெக்சிகோ நாட்டிலும் 40 நாள். சீனர்கள் ஒரு மாதம் தாயை வெளியே விடாமல் சூடான ஆகாரம் கொடுப்பார்கள். ஜப்பானில் நம்மைப் போலவே பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கம் உண்டு. நம் ஊரில் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, பத்தியச் சாப்பாடும் பிரசவ மருந்தும் கொடுத்து, வேலை வாங்காமல் வைத்திருப்பார்கள். இது நல்ல வழக்கம். தாய்க்கு இளைப்பாறுதல் வேண்டும் என்று எல்லா ஜனத்துக்கும் தேவன் ஒரு அறிவைக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் கெட்ட வழக்கமும் கூடவே இருந்தது. அரிவாளாலும் மூங்கில் சில்லாலும் தொப்புள்கொடி அறுத்தார்கள். தொப்புளில் சாணியும் சாம்பலும் வைத்தார்கள். அதனால் இரண விகாரம் கண்டு எத்தனையோ சிசுக்கள் ஒரு வாரத்துக்குள் வில்லாய் வளைந்து செத்தன. நம் இந்தியாவில் இந்த நோய் ஒழிக்கப்பட்டது என்று 2015-ல்தான் சொல்ல முடிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு, சுத்தமான கத்தியால் கொடி அறுத்ததால் வந்த ஜெயம் அது.

ஒரு கட்டிலில் ஆரம்பித்த ஊழியம்

ஐடா அம்மையார் முதலில் பிலடெல்பியாவிலும், பிறகு நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1899-ல் பட்டம் பெற்றார்கள். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பில் கார்னெலில் தேறினவர்களில் அவர்களும் ஒருவர். நியூயார்க்கில் ஷெல் என்ற பாங்க்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் வருஷம் பிறந்த நாளிலே ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

வந்த சில மாதத்திலேயே தகப்பனார் இறந்து போனார். சொல்லிக் கொடுக்க ஆளில்லை, பழக்கமில்லை, ஜனங்களுக்குப் பெண் டாக்டர் மேல் நம்பிக்கையும் இல்லை. வேலூர் மிஷன் பங்களாவில் ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்தார்கள். சமையல்காரரின் மனைவி சலோமிதான் முதல் உதவியாள்! படிப்பறியாத அந்த அம்மாவைக் கையைப் பிடித்துப் பழக்கினார்கள். இரண்டு வருஷத்தில் 5,000 நோயாளிகள் வந்தார்கள். 1902-ல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் என்ன பண்ணுவார்கள்? ஐடா அம்மையாரே அவர்களைத் தேடிப் போனார்கள். குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சின்ன மோட்டார் கார் வந்தது. மாடு இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஜனங்கள் பயந்து ஓடினார்களாம். பயந்து ஓடினவர்களே பிறகு அந்தக் காருக்காக வழியோரம் காத்துக் கிடந்தார்கள்.

ஆனாலும் தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும் என்று அவர்கள் யோசித்தார்கள். மோசேயின் மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனை போல, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆட்களை எழுப்ப வேண்டும் என்று கண்டார்கள். 1909-ல் நர்ஸ் பயிற்சி ஆரம்பமானது. பெண்களை டாக்டராக்க வேண்டும் என்றபோது, பெண் பிள்ளைகள் படிக்க வரமாட்டார்கள் என்று பெரிய உத்தியோகஸ்தர்களே நினைத்தார்கள். 1918 ஆகஸ்ட் 12-ந்தேதி மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது 17 பெண்கள் சேர்ந்தார்கள். 1922-ல் 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். பிரசவம் பார்க்க ஒரு பெண் இல்லை என்று அழுத தேசத்தில் 14 பெண் டாக்டர்கள்! அல்லேலூயா!

பின்னாளில் அரசாங்கம், பள்ளியை எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தாவிட்டால் நடத்த முடியாது என்றது. அவர்கள் ஓய்வெடுக்க வேண்டிய வயது அது. 70 வயதில் மறுபடியும் அமெரிக்கா போய், சபை சபையாய் ஏறி இறங்கிப் பணம் திரட்டினார்கள். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது; 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1946-ல் அம்மையார் பொறுப்பை விட்டு விலகினார்கள். 1948-ல் நம் இந்தியக் கிறிஸ்தவப் பெண், பிரசவ வைத்தியத்தில் பேர்பெற்ற டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்த இடத்துக்கு வந்தார்கள். அம்மையாருடைய கடைசி நாட்கள் நம் கொடைக்கானல் மலையில் கழிந்தன. கலியாணம் பண்ணவில்லை, ஒரு பிள்ளையும் பெறவில்லை. ஆனால் எத்தனை ஆயிரம் தாய்மாருக்குத் தாயானார்கள்!

நமக்கு ஒரு வார்த்தை

இப்போது நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்த அம்மா நம்மைப் போல் பெந்தெகொஸ்தே அல்ல, அந்நிய பாஷை பேசினதாகவும் இல்லை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இன்னும் சிலர், தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற நமக்கு ஆஸ்பத்திரி எதற்கு, பிரசவம் சுபாவமானது, ஜெபம் போதும் என்கிறார்கள். நானும் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன்தான். எண்ணெய் பூசி ஜெபித்து எழும்பினவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த விசுவாசத்தில் எள்ளளவும் குறையவில்லை.

ஆனால் வேதத்தை முழுசாய் வாசியுங்கள். பார்வோனுக்குப் பயப்படாமல் ஆண் பிள்ளைகளைத் தப்ப வைத்த சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளின் பேர் வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது; அந்தப் பார்வோனுடைய பேரோ அங்கே எழுதப்படவில்லை! தேவன் அவர்களுக்கு நன்மை செய்து, அவர்கள் குடும்பங்களைத் தழைக்கப் பண்ணினார் (யாத். 1). எசேக்கியாவுக்குச் சுகம் என்று வார்த்தை கொடுத்த ஏசாயாவே அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசா. 38). பவுலோடு கூடப் போன லூக்கா வைத்தியன் (கொலோ. 4). ஜெபமும் மருத்துவச்சியின் கையும் வேதத்தில் சண்டை போடவில்லை. நாம்தான் சண்டை மூட்டுகிறோம்.

நம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு இராத்திரி ஒரு மருமகளுக்கு வலி கண்டது. வீட்டார் எனக்குப் போன் பண்ணி, பாஸ்டர் ஐயா வாங்க, விடிய விடிய ஜெபிப்போம் என்றார்கள். நான் அவர்களிடம், 108-க்குப் போன் பண்ணுங்கள், நானும் வருகிறேன், வண்டியிலேயே ஜெபிப்போம் என்றேன். மாமியார் அம்மாவுக்கு மனத்தாங்கல். பாஸ்டருக்கே விசுவாசம் இல்லையா என்று கேட்டார்கள். வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் தாய்க்கு இரத்தம் நிற்காமல் போனது. ஊசி போட்டு, இரத்தம் ஏற்றித்தான் நிறுத்தினார்கள். வீட்டில் இருந்திருந்தால் விடியுமுன் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். அந்த மாமியார் இப்போது கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் போய் முதலில் 108-ஐத்தான் சொல்லுகிறார்கள். ஸ்தோத்திரம்!

திண்டிவனத்தில் அந்த மூன்று கணவன்மாருக்கும் மனைவி மேல் அன்பு இல்லாமல் இல்லை. அன்பு இருந்ததால்தானே நடுராத்திரி ஓடி வந்தார்கள்! ஆனால் அன்பைவிடப் பெரிதாய் வழக்கத்தைப் பிடித்திருந்தார்கள். நாமும் பக்தி என்ற பேரில் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 2018-ல் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு இளம் தாய் இறந்துபோனதைப் பத்திரிகையில் எல்லாரும் வாசித்தோம். அது பக்தியால் வந்ததல்ல. ஆனால் பிடிவாதம் எந்த உடை உடுத்தினாலும் பலி வாங்குவது தாயையும் பிள்ளையையும்தான்.

அந்தக் காலம் போல் இன்று நமக்குச் சாக்கு இல்லை. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மா காந்திகிராமத்தை ஏற்படுத்தி, தாய் சேய் வைத்தியத்தை நம் சின்னாளபட்டிப் பக்கம் கொண்டுவந்தார்கள். 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தாரியன் முதலான கிறிஸ்தவ டாக்டர்கள் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். 2022-ல் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கிராமம் தோறும் நர்ஸம்மா வருகிறார்கள்.

ஆகவே சபையாருக்கு என் அன்பான ஆலோசனை இதுதான். கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, ஊசியும் இரும்புச் சத்து மாத்திரையும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவு, இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காதீர்கள். பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். மஞ்சளாய் வருகிற சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அது தேவன் கொடுத்த முதல் தடுப்பு மருந்து. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, ஊழியக்காரர் விரலால்கூட வைக்க வேண்டாம். என்னிடமும் கேட்காதீர்கள், நான் ஜெபம் மட்டும் பண்ணுவேன். தொப்புளில் எதையும் பூசாதீர்கள். பிறந்த அன்றே குளிப்பாட்ட அவசரம் வேண்டாம். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வையுங்கள். கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்து டாக்டர்கள், கருவிகள் போதாமல் 1978-ல் கண்ட வழி இது; இன்று உலகமெல்லாம் செய்கிறார்கள். தாயின் மார்பைவிட நல்ல தொட்டிலைத் தேவன் உண்டாக்கவில்லை.

பெண் பிள்ளை பிறந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். நம் மதுரை, திண்டுக்கல் சீமைகளில் பெண் சிசுவைக் கொன்ற பாவத்தின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டிருக்கிறது. சபையில் அதன் வாசனைகூட இருக்கக் கூடாது. பெண் பிள்ளை பிறந்தது என்று பெருமூச்சு விடுகிற வீட்டாரே, அன்றிரவு திண்டிவனத்தில் தேடினது யாரை? ஒரு படித்த பெண்ணைத்தானே! ஆகவே உங்கள் பெண் பிள்ளைகளை நர்ஸ் படிப்புக்கும் டாக்டர் படிப்புக்கும் ஜெபத்தோடு அனுப்புங்கள். அதுவும் ஊழியமே.

எழுப்புதல் என்றால் கூட்டத்தில் கைதட்டிக் கண்ணீர் விடுவது மட்டும்தானா? அது வேண்டும், ஆவியானவரின் அசைவாட்டம் இல்லாத சபை வெறும் கட்டிடம். ஆனால் அந்த அக்கினி உண்மையானால், நடுராத்திரியில் தட்டுகிற கதவை அது திறக்க வைக்கும். எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்காது. உங்கள் தெருவில் வலி கண்ட பெண் யாராயிருந்தாலும் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள், துணைக்குப் போங்கள், இரத்தம் கொடுங்கள், ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோங்கள். வாலிபச் சகோதரரே, உங்கள் இரத்தவகையை அறிந்து, சபைச் செயலாளரிடம் பேர் கொடுத்து வையுங்கள்.

கர்ப்பந்தரித்த சகோதரிகள் ஒவ்வொருவரையும் கர்த்தர் காத்து, தாயும் சேயும் சுகமாய் வீடு திரும்பும்படி கிருபை செய்வாராக. தட்டுகிற சத்தத்துக்குச் செவிகொடுக்கும் இருதயத்தை நம் எல்லாருக்கும் தருவாராக. ஆமென். அல்லேலூயா!